இன்னும் கால் சுற்று

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கும். ஒன்று மனைவியின் மைவி; அதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. இன்னொன்று 1996-இல் அப்பா வாங்கிய புரோட்டோன் வீரா. அப்பா இப்போது இல்லை. அம்மா இன்றைக்கும் அதை ‘அப்பா காடி’ என்றுதான் சொல்வார். ஆனால் அதன் பானெட்டைத் திறந்தால் அப்பாவுக்கே அடையாளம் தெரியாது. ஆறு வருடங்களுக்கு முன்பு பழைய 1.5 எஞ்சின் புகை கக்க ஆரம்பித்தபோது, ஜப்பானிலிருந்து ‘ஹாஃப் கட்’டாக வந்த 1.8 லிட்டர் 4ஜி93 டர்போ எஞ்சினை வாங்கிப் பொருத்தினேன். வீரா என்பதே மிட்சுபிஷி லான்சரின் உடன்பிறப்புதான் என்பதால் அந்த எஞ்சின் இந்தக் கூட்டுக்குள் பெரிய சண்டை இல்லாமல் உட்காரும். நம் நாட்டில் எத்தனையோ வீராக்கள் இப்படி இதயம் மாற்றிக்கொண்டவை. புஸ்பாகோம் பரிசோதனை, ஜேபிஜே-யில் எஞ்சின் எண் மாற்றம் எல்லாவற்றையும் முறையாக முடித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து நான் செய்தது அவ்வளவு முறையானதல்ல.

ஆறு வருடம் ஓட்டியதும் அந்த வேகம் பழகிப்போனது. டர்போ வைத்திருப்பவர்களுக்கெல்லாம் வருகிற நோய் எனக்கும் வந்தது: இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன?

அந்த ‘இன்னும் கொஞ்ச’த்துக்கு மிக மலிவான வழி மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர். விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு. ஒரு முனையில் காற்று நுழைய ஒரு குழாய் மூக்கு, பக்கவாட்டில் வெளியேற இன்னொன்று, தலையில் ஒரு திருகு. உள்ளே ஒரு குண்டு, ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். நான் கொடுத்த விலை 65 ரிங்கிட். இரண்டு பேர் ஒரு வேளை நண்டு சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும்.

டர்போ இல்லாத கார் ஓட்டுபவர்களுக்காக இரண்டு வரி. எஞ்சினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். அதிகக் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், அதிக சக்தி. ஆனால் இதைத் தடுக்க ஆள் வேண்டும். புகை கூடினால் சக்கரம் வேகமாகும், வேகமானால் காற்று கூடும், காற்று கூடினால் புகை இன்னும் கூடும். எங்காவது நிறுத்தாவிட்டால் எஞ்சின் தன்னைத் தானே தின்றுவிடும். நிறுத்துகிற கதவின் பெயர் வேஸ்ட்கேட். அந்தக் கதவைத் திறக்கிற ஆள் ஆக்சுவேட்டர். டர்போவிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் அதற்குப் போகிறது. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு ஸ்பிரிங்கைத் தள்ளும், கம்பி நகரும், கதவு திறக்கும், மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமல் வெளியே போய்விடும்.

பூஸ்ட் கண்ட்ரோலரை இந்த ஹோஸின் நடுவில் வைக்கிறோம். உள்ளே இருக்கும் குண்டு ஸ்பிரிங் பலத்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். நாம் திருகி வைத்த அளவுக்கு அழுத்தம் வரும் வரை ஆக்சுவேட்டருக்கு ஒன்றும் தெரியாது. திருகை இறுக்க இறுக்க அதற்குத் தகவல் தாமதமாகப் போகும், பூஸ்ட் கூடும்.

ஒரு சனிக்கிழமை காலை. மனைவி பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப் போயிருந்தாள். அக்கா மகன் வந்திருந்தான். இருபது வயது, ஷா ஆலமில் படிக்கிறான், வார இறுதியில் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். டார்ச் பிடிக்கிற வேலை அவனுக்கு. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். காற்றழுத்தம், ஹோஸ், வால்வு எல்லாம் தினமும் கையில் புழங்குபவை. ஆகவே விளக்கத் தாளைப் படிக்கவில்லை. இதை ஒரு காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த எஞ்சினில் கம்பெனியே வைத்த ஒரு சாலினாய்டு உண்டு. ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் ஒரு பங்கைத் திருப்பி ஏர் ஃபில்டர் பக்கக் குழாய்க்கு அனுப்பிவிடும். அந்தக் கிளையைக் கழற்றிவிட்டு, டர்போவிலிருந்து நேராகக் கண்ட்ரோலருக்கு ஒரு ஹோஸ், கண்ட்ரோலரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு இன்னொன்று. சாலினாய்டின் மின்கம்பியைக் கழற்றக்கூடாது. கழற்றினால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். மூக்குகள் திருகுமரையில் வந்திருந்தன. வீட்டுக் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். காற்று கசியக்கூடாது அல்லவா? மருமகன்கூட, “மாமா, பைப்புக்குச் சுத்துற டேப்பா இது?” என்று கேட்டான். “எல்லாம் காத்துதாண்டா,” என்றேன்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் மூச்சிரைக்கிற மாதிரி ஏறி இறங்கியது. ஆயிரத்து இருநூறு, அறுநூறு, மறுபடி ஆயிரத்து இருநூறு. இதற்குக் காரணம் சீக்கிரமே கிடைத்தது. சாலினாய்டிலிருந்து ஹோஸைக் கழற்றிய இடத்தில், ஃபில்டர் பக்கக் குழாயின் மூக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி உள்ளே நுழைகிற காற்று ஈசியூ கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்குப் பெட்ரோலும் வராது. கூடவே தூசியும் நேராக டர்போவுக்குள் போகும். ஒரு ரப்பர் மூடி போட்டேன், எஞ்சின் சாந்தமானது. இவ்வளவு சுலபமாகக் குறை கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துவிட்டது.

திருகு முழுதும் தளர்ந்த நிலையில் தொடங்க வேண்டும் என்பது தெரியும். அப்படியே தொடங்கினேன். தொழிற்பேட்டையில் சனிக்கிழமை மாலை லாரி நடமாட்டம் இருக்காது. இரண்டாம் கியரில் மிதித்தேன், 0.6 பார். கம்பெனி அளவும் ஏறக்குறைய அதுதான். கால் சுற்று. 0.65. இன்னும் கால் சுற்று. 0.7. இன்னும் கால் சுற்று. 0.8-இல் கார் முதுகில் அடித்தது. மருமகன் சீட்டில் ஒட்டிக்கொண்டு சிரித்தான். எனக்கும் இருபது வயது ஆனது போல இருந்தது.

மறுநாள் அவனை பெந்தோங்கில் அக்கா வீட்டில் விடக் கிளம்பினேன். காராக் நெடுஞ்சாலை. கோம்பாக் டோலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மலைக்காற்று குளிர்ந்தது. முன்னால் ஒரு மணல் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வலது தடத்துக்கு மாறி, நான்காம் கியரில் முழுதாக மிதித்தேன். பூஸ்ட் முள் 0.8-இல் நிற்கவில்லை. 0.9. ஒன்று. நான் பார்த்த கடைசி இடம் 1.2. லாரிக்குச் சரியாகப் பக்கவாட்டில் இருக்கும்போது எஞ்சின் அணைந்தது போல ஒரு குலுக்கல். யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்த மாதிரி. நெஞ்சு பெல்ட்டில் மோதியது. ஒரு விநாடி சக்தி வந்தது, மறுபடி போனது. பின்கண்ணாடி முழுக்க ஒரு காரின் முகப்பு விளக்கு. அவர் ஹாரனை அழுத்தியபடி இடித்துவிடாமல் எப்படியோ பிரேக் பிடித்தார். இடது பக்கம் லாரிச் சக்கரம், வலது பக்கம் இரும்புத் தடுப்பு. மருமகன் இரண்டு கையையும் டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

அது ‘ஃபியூவல் கட்’. அளவுக்கு மீறிக் காற்று வருகிறது என்று ஈசியூ கண்டதும் பெட்ரோலை நிறுத்திவிடும். எஞ்சினைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. அது எஞ்சினைக் காப்பாற்றியது. எங்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஓய்விடத்தில் நிறுத்தி, சூடு ஆறாத பானெட்டுக்குள் கையை விட்டு, திருகை முழுதும் தளர்த்தினேன். மணிக்கட்டில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மருமகன் தண்ணீர் போத்தலை நீட்டினான். நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை, “வலிக்குதா?” அல்ல. “அம்மாகிட்ட சொல்லாதே. அத்தைகிட்டயும்.” அவன் தலையாட்டினான்.

அடுத்த வாரம் முழுதும் நான் தேடியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. முதல் சந்தேகம், இரண்டாம் கியரில் வைத்த அளவை நம்பியது. இது பாதி சரி. தாழ்ந்த கியரில் எஞ்சின் சட்டென்று சுற்றி முடித்துவிடும், டர்போவுக்கு முழு வேலை கிடைக்காது. மேட்டில், உயர்ந்த கியரில், பாரம் நீண்ட நேரம் இருக்கும்போதுதான் பூஸ்ட் தன் உண்மையான உயரத்தைக் காட்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் ஈசியூவின் கணக்கும் சீக்கிரம் நிரம்பும். ஆனால் 0.8-க்கும் 1.2-க்கும் இடையில் இருக்கும் தூரத்தை இது மட்டும் விளக்காது. மேலும், திருகை முழுதும் தளர்த்திய பிறகும் சில சமயம் முள் 0.6-இல் நிற்காமல் 0.9 வரை துள்ளியது. சில சமயம் ஒழுங்காக நின்றது. தினம் ஒரு குணம்.

ஹோஸ்களை மாற்றினேன். கிளிப்களை மாற்றினேன். ஆக்சுவேட்டர் சவ்வு கிழிந்திருக்கும் என்று ஹாஃப் கட் கடையில் 80 ரிங்கிட்டுக்கு இன்னொன்று வாங்கி மாற்றினேன். மாற்றமில்லை. கடைசியில் பொருளையே குறை சொன்னேன். மலிவுச் சரக்கு, போலிச் சரக்கு, விற்றவன் ஏமாற்றிவிட்டான். அவருக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்தியை இங்கே எழுதினால் ஆசிரியர் வெளியிட மாட்டார்.

கிள்ளானில் ஒரு அண்ணன் இருக்கிறார். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு, காலையில் மட்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அப்பாவின் காலத்திலிருந்து இந்த வீராவைத் தெரியும். மருமகனையும் அழைத்துக்கொண்டு போனேன். கதையைச் சொன்னேன். லாரி பகுதியை விட்டுவிட்டுத்தான்.

அவர் பானெட்டைத் திறந்து, முதலில் நான்கு பிளக்கையும் கழற்றச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரொம்ப வெளுத்திருக்கு. சூடு பாத்திருக்கு.” கம்ப்ரெஷன் மீட்டரை மாட்டி நான்கு சிலிண்டரையும் அளந்தார். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தன. அந்த ஐந்து நிமிடம் நான் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். அதிக பூஸ்டில் காற்று சூடாகி, பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்தால் பிஸ்டனின் விளிம்பு உடையும். பட்டாணி வறுக்கிற மாதிரி சத்தம் கேட்கும் என்பார்கள். மலையேற்றத்தில், ஜன்னல் திறந்து, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் எங்கே கேட்கும்? அன்றைக்குத் தொட்டியில் இருந்ததும் 95 பெட்ரோல்தான்.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு சைக்கிள் பம்ப்பை எடுத்து வந்தார். மீட்டர் வைத்த பம்ப். அதன் ஹோஸை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டி, மருமகனை அழுத்தச் சொன்னார். அரை பார் வந்ததும் கம்பி மெல்ல நகர்ந்தது. நிறுத்தினான், முள் இறங்கவில்லை. “சவ்வு நல்லாருக்கு. பழசும் நல்லாதான் இருந்திருக்கும். எண்பது வெள்ளி வேஸ்ட்.”

அடுத்து பம்ப்புக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவில் என் கண்ட்ரோலர். முதல் தடவை 0.6-இல் கம்பி நகர்ந்தது. இரண்டாம் தடவை 0.7, 0.8, 0.9, கம்பி அசையவில்லை. திடீரென்று ‘டக்’ என்று துள்ளியது. மூன்றாம் தடவை மறுபடி ஒழுங்கு.

“கழட்டு,” என்றார்.

திருகைக் கழற்றியதும் ஸ்பிரிங் வந்தது, குண்டு வந்தது. வெளியேறும் மூக்கைக் கழற்றினால், அதன் உள்வாயில் வெள்ளையாக ஒரு கீற்று, நகத்துண்டு அளவு, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சுற்றிய டேப். மரையின் முதல் பல்லையும் மூடி நான் சுற்றியதால், இறுக்கும்போது அறுந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று வரும்போது சில சமயம் ஒதுங்கி வழிவிடும், சில சமயம் கதவு மாதிரி போய் மூடிக்கொள்ளும். மூடிய நேரத்தில் ஆக்சுவேட்டருக்குச் செய்தியே போகாது. பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கிறது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றுவதற்கு. அதிலும் ஒரு நூல் சிக்கியிருந்தது. அந்தத் துளை அடைத்துக்கொண்டால் வேஸ்ட்கேட் மூடத் தாமதமாகும், அடுத்த தடவை மிதிக்கும்போது கார் சோம்பும். அதுவும் எனக்கு நடந்தது. டர்போ பழசாகிவிட்டது என்று நினைத்து விலைகூட விசாரித்து வைத்திருந்தேன்.

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

அண்ணன் ஊசியால் துளையைச் சுத்தம் செய்தார். மரையில் டேப் சுற்றவில்லை. திரவப் பசை ஒரு சொட்டு, அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. செய்துகொண்டே பேசினார். “இது பவர் குடுக்கிற சாமான் இல்ல தம்பி. டர்போவுல என்ன நடக்குதுன்னு அவனுக்குத் தெரியாம மறைக்கிற சாமான். கொஞ்ச நேரம் மறைச்சா பவர். நீ மறைச்சது போதாதுன்னு உன் டேப்பும் சேந்து மறைச்சிருக்கு.” மருமகன் இப்போது என்னை ஒரு முறை பார்த்தான்.

கண்ட்ரோலர் இருந்த இடத்தையும் மாற்றினார். நான் புகைக்குழாய் மூடிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தேன், கை எட்டும் என்று. அங்கே இருக்கும் சூட்டில் ஹோஸ் ஆறு மாதத்தில் மொறுமொறுவென்று ஆகும். ஆக்சுவேட்டர் பக்க ஹோஸ் பிளந்தாலும் இதே கதைதான்: செய்தி வழியிலேயே கசிந்துவிடும், பூஸ்டுக்குத் தலை இருக்காது. இப்போது சூடு படாத பக்கம், கையளவு நீளத்தில் குட்டையான சிலிகான் ஹோஸ், நான்கு முனையிலும் கிளிப்.

அளவு வைக்கிற வேலையை அவர் மகன் செய்தார், மூன்றாம், நான்காம் கியரில். நான் முள்ளை மட்டும் பார்த்துச் சொன்னேன். அண்ணன் 0.75-க்கு மேல் விடவில்லை. “பெட்ரோல் பம்ப் அந்தக் காலத்து பம்ப். அத மாத்தி, காத்தும் எண்ணெயும் எந்த விகிதத்துல எரியுதுன்னு அளந்து பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்.” தொட்டியில் 97 ஊற்றச் சொன்னார். கம்பெனி அளவிலிருந்து வெறும் 0.15 பார். இதற்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் மிதித்தால் கார் இப்போது ஒரே சீராக ஏறுகிறது, முள் 0.75-க்கு வந்து அங்கேயே நிற்கிறது. அந்த நிற்றல் எனக்குப் பிடித்திருக்கிறது. விற்றவருக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு குறுஞ்செய்தி அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது வருகிற டர்போ கார்களில், அத்திவாவோ எக்ஸ்50-யோ, இந்தக் கதவை ஈசியூவே நேராகப் பார்த்துக்கொள்கிறது. மருமகனின் நண்பன் ஒருவன் புதுக் காரில் இதைப் போடலாமா என்று கேட்டானாம். “மாமா வேணாம்னு சொன்னாருன்னு சொல்லிட்டேன்,” என்றான். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

போன மாதம் காப்புறுதி புதுப்பிக்கிற நேரம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வேலை மனைவியுடையது. காரில் மாற்றங்கள் ஏதும் செய்யப்பட்டுள்ளனவா என்ற கேள்வியை அவள் சத்தமாகப் படித்தாள். “எஞ்சின் மட்டும்தானே?” என்று கேட்டாள். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த நாளில் இழப்பீடு சிக்கலாகும் என்பது தெரியும். அதைவிட, காராக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவளுக்கும் மருமகன்தான். எல்லாவற்றையும் சொன்னேன். லாரியையும் சொன்னேன். “அம்மாகிட்ட சொல்லாதே” என்று சொன்னதையும். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குத் தானே போன் செய்து என் கையில் கொடுத்தாள். அக்கா பேசியதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அப்பா காடியை விற்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போக மைவியை எடுக்காமல் வீராவில் வந்து உட்கார்ந்தாள். டாஷ்போர்டில் இருந்த அந்த மீட்டரைக் காட்டி, “இது எவ்வளவு வரைக்கும் போகலாம்?” என்று கேட்டாள். சொன்னேன். இப்போதெல்லாம் அவள் சாலையைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்க்கிறாள். நேற்று பெடரல் நெடுஞ்சாலையில் ஒரு பஸ்ஸைத் தாண்டும்போது, “எழுபது,” என்றாள். காலை எடுத்துவிட்டேன்.